வீணையா, இயற்பியலா?

போன மாதம் சோனாமீட்டர் என்ற ஒலிச் சோதனைக் கருவியைப் பற்றி எழுதிய ஒரு பதிலுக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலான கடிதங்கள் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: உலகத்தை அறிந்துகொள்ள அறிவியலா, கலையா? கிரகணம் பற்றிய கேள்விகளும் இட்லி மாவு புளிப்பது பற்றிய கேள்விகளும் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். இம்முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியலில் 98 மதிப்பெண். ஒன்பது வருடமாக வீணையும் கற்கிறாள். அவள் அப்பா பி.எஸ்சி. இயற்பியல் என்கிறார், பாட்டு டீச்சர் இசைக் கல்லூரி என்கிறார். அவளோ, "எது உலகத்தை உள்ளபடி காட்டுமோ அதைத்தான் படிப்பேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு இரண்டும் தெரியும். என்ன சொல்வீர்கள்?
– ஒரு தாய், மயிலாடுதுறை

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 1975-இல் தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதே பேச்சு நடந்தது. நான் பி.யூ.சி. முடித்திருந்தேன், எட்டு வருடம் வீணை கற்றிருந்தேன். "வீணை கல்யாணத்துக்கு, பிசிக்ஸ் வேலைக்கு" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது. உங்கள் வீட்டில் மகளைக் கேட்கிறீர்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கல்லூரியில் முதல் வருடம் சோனாமீட்டர் செய்முறை வந்தது. நீளமான மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, கம்பிக்கு அடியில் இரண்டு கத்திமுனைகள், நுனியில் தொங்கும் எடைகள். கம்பியின் நடுவில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை மடித்து உட்கார வைப்போம். ஒரே சுரத்தில் ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டிப் பெட்டிமேல் ஊன்றிவிட்டு, கத்திமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். கம்பியின் நீளம் சரியாக அமைந்ததும் காகிதம் துடிதுடித்துக் கீழே விழும். அந்த நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. கம்பியை மீட்டிக்கொண்டே கத்திமுனையை நகர்த்துவேன், சுருதி சேரும் இடம் காதுக்குத் தெரியும். அப்புறம்தான் காகிதத்தை வைப்பேன். உடனே விழும். இதைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், "இது பாட்டு கிளாஸ் இல்லை, ஒழுங்காக ரீடிங் எடு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பல வருடம் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நானே ஆசிரியையாகி, வருடத்துக்கு நாற்பது மாணவிகளுக்கு அதே செய்முறையைச் சொல்லிக்கொடுத்தபோதுதான், அவர் சொன்ன விதம் தவறு, விஷயம் சரி என்று புரிந்தது. சுருதியே பிடிபடாத பெண்ணுக்கும் அந்தக் காகிதம் அதே இடத்தில்தான் விழும். அவள் என்னை நம்பவேண்டியதில்லை, என் எட்டு வருடப் பயிற்சியும் அவளுக்குத் தேவையில்லை. அவள் கண்ணெதிரில் விழுகிறது, அவ்வளவுதான். அறிவியலின் பெருமையே இதில்தான் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காதின் அறிவு அப்படிக் கைமாறுவதில்லை. அதைப் பெற ஒருவர் தானே வருடக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் காகிதம் விழுவதற்கு முன்பே அந்த இடத்தைக் காட்டியது காதுதான்.

உங்கள் மகளுக்கு மிருதங்கத்தின் கதையைச் சொல்லுங்கள். வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் சத்தம் வரும், சுருதி வராது. கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று ஒழுங்கான வரிசையில் மேல்சுரங்கள் எழுகின்றன. காது அவற்றைச் சேர்த்து ஒரே சுரமாகக் கேட்கிறது. தோலில் அந்த வரிசை 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாகப் போகும். அதனால்தான் உலகத்தில் பெரும்பாலான தோற்கருவிகள் தாளத்தோடு நின்றுவிடுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலையோ, அதாவது வலப்பக்கத் தோலோ, பாடுபவரின் ஷட்ஜத்தோடு போய்ச் சேருகிறது. எப்படி?

கல்கத்தாவில் இருந்த சி.வி. ராமனுக்கு இந்தக் கேள்வி வந்தது. 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். 1934-இல் முழுக் கட்டுரையாகவே வெளியிட்டார். விடை வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டத்தில் இருந்தது, அதாவது கரணையில். நடுவில் அந்த எடை ஏறியதும் தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் இடம் மாறி, ஐந்தே சுரங்களாகக் கூடிவிடுகின்றன. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில், கம்பியைப் போலவே அமைகின்றன. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிராத கோடுகளில் அது போய் ஒதுங்குவதையும் காட்டினார்.

அந்தக் கட்டுரையைப் படித்த வாரமே, எங்கள் தெருமுனையில் மிருதங்கம் கட்டுகிற பெரியவரிடம் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவர் கரணை போட்டுக்கொண்டிருந்தார். கரிய கல்பொடியையும் குழைந்த சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, ஒரு விரல் அளவு எடுத்துத் தோலின் நடுவில் மெல்லிசாகப் பூசுவார். வழுவழுப்பான ஒரு கல்லால் அது காயும்வரை தேய்ப்பார். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. நடுநடுவே ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. ஒருமணி நேரத்துக்கும் மேல் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று கல்லைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். "பேசிடுச்சு டீச்சரம்மா. இதுக்கு மேல போட்டா ஊமையாயிடும்" என்றார்.

சரி என்று ராமன் செய்ததை அவரிடம் சொன்னேன். மணல் விஷயம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மிருதங்கத்தை நிமிர்த்தி நிறுத்தி, சலித்த மணலைத் தூவினோம். அவரே மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் லேசாக ஊன்றி, ஆள்காட்டி விரலால் மீட்டில், அதாவது ஓரத்துத் தோல் வளையத்தில், 'நம்' 'நம்' என்று தட்டினார். மணல் ஊர்ந்து ஊர்ந்து, அந்த மோதிர விரலுக்கு நேராக, வட்டத்தை இரண்டாகப் பிளப்பதுபோல ஒரு கோடாகச் சேர்ந்தது. விரல் தொட்ட இடத்தில் தோல் அதிர முடியாது. அதனால் அடிப்படை அதிர்வு அடங்கி, இரண்டாவது சுரம் ஓங்கி எழுகிறது. நாம் 'நம்' என்று கேட்பது அதைத்தான். ராமன் மணலால் காட்டிய கோட்டின்மேல், மிருதங்கக்காரர்களின் மோதிர விரல் எத்தனையோ தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா கைக்குத் தெரிஞ்சது, இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரியுது" என்றார். அன்றைக்கு அவருக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது, எனக்கும்தான். அவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ராமனின் கட்டுரை எனக்குக் கற்றுத்தராது. அங்கே நிறுத்தினால் ஏன் பேசுகிறது என்பதை அவருடைய கை எனக்குச் சொல்லாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவருடைய அறிவை யாரும் அறிவியல் என்றும் சொல்லவில்லை, கலை என்றும் சொல்லவில்லை. தோலைத் தொடுகிற வேலை என்று ஒதுக்கிவைத்தார்கள். வாரை இழுத்து, சுருதி சேர்த்து, கச்சேரிக்குப் பத்து நிமிடம் முன்புவரை அரங்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் பெயரை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அறிவியலா கலையா என்று நாம் விவாதிக்கும்போது, இரண்டையும் கையில் வைத்திருந்த மனிதரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறோம்.

இப்போது உங்கள் மகளுக்கு. எது உலகத்தை உள்ளபடி காட்டும் என்ற கேள்வியை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வாழ்நாள் கேள்வி, விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை. கல்லூரிக்கு வேறு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: எந்த வேலையின் சலிப்பு அவளுக்குச் சலிக்காது? ஒரே வரிசையைக் காலை நாலரை மணிக்கு நூறு தடவை வாசிப்பதா? ஒரே கணக்கை மூன்று நாள் விடாமல் போட்டுப் பார்ப்பதா? இரண்டிலும் பெரும்பகுதி இதுதான். ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்தால் அவளுக்கே தெரியும்.

என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், பி.எஸ்சி.யில் சேரட்டும், வீணைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் யாரும் கைவைக்காமல் ஒதுக்கிக் கொடுங்கள் என்பேன். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக முடிவு எடுக்காதீர்கள். அவள் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை. திருமணத்துக்குப் பிறகு பதினாறு வருடம் வீணை உறையைவிட்டு வெளியே வரவில்லை.

அமிர்தவர்ஷினி பாடினால் மழை பெய்யும் என்பதை அறிவியல் ஏற்கிறதா?
– வாசகர், கோவில்பட்டி

ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. மழை பெய்ய ஈரக்காற்று மேலே ஏறிக் குளிரவேண்டும். ராகத்துக்கு அதில் வேலை இல்லை.

எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பாடி மழை பெய்தது என்ற கதை உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை, எனக்கு அது மிகவும் பிடிக்கும். கரிசல் காட்டில் வானம் பார்த்து நிற்பவர்களுக்கு அந்தக் கதை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தாலே மனம் நிறையும். அந்த ராகத்தில் ரிஷபமும் தைவதமும் கிடையாது. காந்தாரம், பிரதி மத்தியமம், பஞ்சமம், நிஷாதம் என்று தாவித் தாவிப் போகும், பொட்டல் வெளியில் பெருந்துளி விழுவதுபோல இருக்கும். மழைக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை எந்த வானிலை அறிக்கையாலும் எனக்கு இப்படி உணர்த்த முடிந்ததில்லை. ராகத்திடம் அதைக் கேளுங்கள், தருகிறது. அணையின் நீர்மட்டத்தை அதனிடம் கேட்காதீர்கள்.

இசை என்பது வெறும் காற்றழுத்த மாற்றம், அதைக் கேட்டு அழுவது வெறும் மூளை வேதியியல் என்று படித்ததிலிருந்து பாட்டு கேட்கவே பிடிக்கவில்லை. ஏமாற்றப்பட்டதுபோல இருக்கிறது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?
– இரண்டாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

தம்பி, காற்றழுத்த மாற்றம் என்பது சரி. மூளையில் வேதியியல் நடக்கிறது என்பதும் சரி. 'வெறும்' என்ற சொல் மட்டும் எந்த ஆய்வகத்திலும் அளக்கப்பட்டது இல்லை. அது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது, அல்லது உங்களுக்குச் சொன்னவர் சேர்த்தது.

எங்கள் வீட்டில் அம்மாவின் தம்புரா ஒன்று இருக்கிறது. அம்மா போன பிறகு ஒரு வருடம் அதை யாரும் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் எடுத்துத் துடைத்து, நாலு கம்பிக்கும் சுருதி சேர்த்தேன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம், எல்லாம் இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தன. ஆனாலும் சத்தம் தகரத்தில் தட்டியதுபோல வறண்டு கிடந்தது. குனிந்து பார்த்தேன். கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல் கம்பிக்கு அடியில் இருக்கவேண்டிய நூல் இல்லை, இற்றுப்போய் எங்கோ விழுந்திருக்கிறது.

அதற்குப் பெயர் ஜீவாளி. சாதாரணப் பருத்தி நூல்தான். தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலைக் கிள்ளி, மந்தரக் கம்பிக்கு அடியில் செருகி, மீட்டிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். இல்லை, இல்லை, இல்லை, பிறகு ஒரு இடத்தில் கம்பி திறந்துகொண்டது. அறை முழுக்க அந்த ரீங்காரம். அம்மா காலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. நான் அழுதேன்.

நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். ஒரு கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுவில் அதிராத புள்ளி உள்ள மேல்சுரங்கள் எழக்கூடாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வீணையும் தம்புராவும் அந்த விதியை மீறுகின்றன என்று ராமன் 1921-இல் எழுதினார். காரணம் குதிரை. வயலினில் இருப்பதுபோலக் கூர்மையான விளிம்பு இல்லாமல், இங்கே அகலமாக, லேசான சரிவோடு இருக்கிறது. ஒவ்வொரு அதிர்விலும் கம்பி அந்தச் சரிவை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. கம்பி எந்த இடத்தில் உரசவேண்டும் என்பதை நூல் தீர்மானிக்கிறது.

இது தெரிந்ததால் என் அழுகை பொய்யாகிவிடவில்லை. இன்னொன்றும் கிடைத்தது. அடிப்படைச் சுரத்தின் 5 மடங்கான மேல்சுரம் அந்தர காந்தாரமாக ஒலிக்கவேண்டும் என்று கணக்கு சொன்னதால், மந்தரக் கம்பியில் அதைத் தேடினேன். நாலைந்து நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில், தெருவில் சத்தம் எதுவும் இல்லாத நேரத்தில், மெல்லிய புகைபோலக் காந்தாரம் எழுந்து வந்தது. யாரும் வாசிக்காத சுரம். பெரிய வித்வான்கள் இதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஏதோ பக்தியில் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் ஊரில் தம்புரா வைத்திருப்பவர் யாராவது இருப்பார்கள். போய், பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காந்தாரத்தைத் தேடுங்கள். செயலியில் வருகிற தம்புரா வேண்டாம், மரத்தில் செய்ததாக இருக்கட்டும்.

நடராஜரின் நடனம் அணுத்துகள்களின் நடனமே என்பதை ஒப்புக்கொண்டுதானே ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சிலை வைத்திருக்கிறார்கள்? நம் முன்னோர் அறிவியலைக் கலையில் ஒளித்து வைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– வாசகர், சிதம்பரம்

சிலை இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரம், இந்திய அரசின் அன்பளிப்பு, 2004 ஜூன் 18-இல் திறந்துவைத்தார்கள். ஒரு நாடு கொடுத்த பரிசை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. சோழர் காலத்து ஸ்தபதி குவார்க் என்ற அணுத்துகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. துகள்களோடு ஒப்பிடும் பேச்சு 1970-களில் வந்தது.

இந்த நடனத்தின் பொருளை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் பிறந்தவர், தந்தை இலங்கைத் தமிழர், தாய் ஆங்கிலேயர். லண்டனில் நிலவியல் (பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் துறை) படித்த அசல் விஞ்ஞானி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்தார். தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமம் 1904-இல் அவரால்தான் தெரியவந்தது. பாறை தேடி ஊர் ஊராகப் போனவர், அங்கே கைவினைஞர்கள் நலிந்துபோவதைக் கண்டார். அவர் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. 1912-இல் சிவ நடனத்தைப் பற்றிய கட்டுரையை எழுதினார். கதிரியக்கக் கனிமத்தைக் கையில் பிடித்த அந்த மனிதர் நடராஜருக்கு விளக்கம் தேடிப் போனது திருமூலரிடமும் 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலிடமும்தான். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலைத்தான் அவர் அந்த நடனத்தில் கண்டார். சிலையைச் சிலையின் மொழியிலேயே படித்தார்.

எனக்கு இந்த 'ஒளித்து வைத்தார்கள்' என்ற பேச்சில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நம் கலை பெரியது என்று சொல்ல இயற்பியலின் சான்றிதழ் எதற்கு? தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு மாணவிகளை வருடாவருடம் அழைத்துப் போவேன். வலது கால் முயலகன் மேல் வளைந்து ஊன்றி, இடது கால் குறுக்கே தூக்கி, சடை இருபுறமும் விரிந்து நிற்கிற உருவத்தின் முன்னால், முதலில் என் கண் எடை மையம் எங்கே விழுகிறது என்று தேடும். பழக்க தோஷம். ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே முகம் இருப்பது தெரியும். அப்புறம் அந்த முகத்தைப் பார்ப்பேன். இத்தனை வேகமான உடம்பின் உச்சியில் அத்தனை அசைவில்லாத முகம். மெழுகில் அதைப் பிடித்து, களிமண்ணால் மூடி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குக் கேள்வி. அதைக் குவார்க் என்று மாற்றிச் சொன்னால், அவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததை நாம் பார்க்காமலே போய்விடுவோம்.

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். கைப்பேசியில் படம் எடுத்துவிடலாம் என்ற காலத்தில் செல்லையும் இதயத்தையும் பிள்ளைகள் பென்சிலால் வரைய வேண்டுமா? வகுப்பில் எந்நேரமும் வரைந்துகொண்டிருக்கும் ஒரு பையனை அவன் அப்பா அடிக்கிறார்.
– ஆசிரியை, பொள்ளாச்சி

அந்த அப்பாவிடம் ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் இ கஹாலின் கதையைச் சொல்லுங்கள். 1852-இல் பிறந்தவர். ஓவியனாக வேண்டும் என்று துடித்த பையன். அப்பா மருத்துவர், படம் வரைவது உருப்படாத வேலை என்று நினைத்தவர். பையனுக்குத் திறமை உண்டா என்று அவர் யாரிடம் கேட்டார் தெரியுமா? தேவாலயச் சுவருக்குச் சுண்ணாம்பு பூச வந்த ஆளிடம். அந்த ஆள் படம் மோசம் என்று சொல்லிவிட்டார், அதோடு பையனின் ஓவியப் படிப்பு போயிற்று. பிறகு சவரக்கடைக்கும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார்கள். கடைசியில் அப்பாவே கல்லறையில் கிடைத்த எலும்புகளைக் கொண்டுவந்து உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். பையன் எலும்புகளை வரைந்தான், அங்கே அவனுக்கு வழி பிறந்தது.

1887-இல் கஹால், இத்தாலியரான கோல்ஜி கண்டுபிடித்திருந்த வெள்ளிச் சாயம் ஏற்றிய நரம்புத் திசுவைப் பார்த்தார். கோல்ஜியும் அதே சாயத்தில்தான் பார்த்தார். நரம்புகள் எல்லாம் வலைபோல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்றார் கோல்ஜி. கஹால் மணிக்கணக்காக நுண்நோக்கியில் பார்ப்பார், பிறகு நினைவிலிருந்து வரைவார், மறுபடி பார்த்துத் திருத்துவார். ஒவ்வொரு இழையும் எங்கே முடிகிறது என்று கோடு போட்டாக வேண்டுமே! கோடு போடுகிறவர் 'ஏதோ அங்கே சேர்கிறது' என்று மழுப்ப முடியாது. பறவைகளின் சிறுமூளையை வரைந்து, 1888-இல் அவை ஒட்டவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனிச் செல் என்று அறிவித்தார்.

1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசு உரையிலும் கோல்ஜி தன் கருத்தை விடவில்லை. 1950-களில் எலக்ட்ரான் நுண்நோக்கி வந்து, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டிய பிறகுதான் சந்தேகம் அடியோடு தீர்ந்தது. என் சோனாமீட்டர் காகிதத்தை நினைத்துக்கொள்கிறேன். கஹாலின் கண் அந்த இடைவெளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது, காகிதம் விழ அறுபது வருடம் ஆயிற்று. விழுந்தே ஆகவேண்டும் என்பதும் முக்கியம். அழகாக வரைந்திருக்கிறார் என்பதற்காக யாரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

ஆகவே வரையச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காகப் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து எழுதுவதை நான் சொல்லவில்லை. வெங்காயத் தோலை நுண்நோக்கியில் வைத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பதுபோல வராது. வராத இடத்தில் அந்தப் பையனோடு உட்காருங்கள். அவனை அடிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அது நாளைக்கே நடக்கவேண்டியது.

ஆறாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்தவேண்டும். மிருதங்கமும் இல்லை, சோனாமீட்டரும் இல்லை. ஒலியைக் கண்ணால் காட்ட வழி உண்டா?
– ஆசிரியை, திருவண்ணாமலை

உண்டு. அகலமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்து, அதன் வாயில் மெல்லிய பாலிதீன் தாளைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, ரப்பர் பேண்ட் போடுங்கள். மேலே ஒரு சிட்டிகை ரவையைத் தூவுங்கள். ஒரு பிள்ளையை அருகில் வந்து, 'ஊ' என்று ஒரே சுரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படியே மெதுவாகச் சுருதியை ஏற்றட்டும். ஏதோ ஓரிடத்தில் ரவை துள்ள ஆரம்பிக்கும், கொஞ்சம் தாண்டினால் அடங்கிவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பாட்டு வருகிற பிள்ளையையும் வராத பிள்ளையையும் மாறி மாறி விடுங்கள். துள்ளும்போது என்ன உருவம் தெரிகிறது என்று வரையவும் சொல்லுங்கள்.

ரவை வறுத்ததாக இருக்கட்டும், ஈரம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்காற்று நேராகப் படாமல் வாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கவேண்டும், இல்லையென்றால் ரவை பறந்துவிடும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.